யாரும் கூப்பிடாத பத்து நாள்

அம்மாபேட்டை, சேலம்
12-9-1938

சௌபாக்கியவதி தங்கை சௌந்திரத்துக்கு அக்கா தெய்வநாயகியின் ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சுகம். என்னைத் தவிர எல்லோரும் என்று எழுத வந்தேன், அது வம்பாகிவிடும்.

போன ஆடியிலேயே இமயமலை அடிவாரத்துக்கு உன்னிடம் வந்து, நீ எழுதுகிற அந்தக் காட்டைப் பார்க்கலாம் என்றிருந்தேன். ஆடியில்தான் நம் வீட்டில் தறிச் சத்தம் கொஞ்சம் அடங்கும். அந்தச் சமயம் மழைக்காகக் காட்டையே மூடிவிடுவார்கள் என்று நீ எழுதினாய். எனக்கு ஓய்வு கிடைக்கிற மாதம் பார்த்து அங்கே கதவைச் சாத்தினால் நான் என்ன செய்வது? போகட்டும், தை கடைசியில் வருகிறேன்.

தம்பி மணியனிடம் சொன்னேன். "காட்டுக்குப் போயி என்ன பண்ணப் போறே அக்கா? காசிக்கின்னாப் புண்ணியமாச்சும் கெடைக்கும்" என்றான். நம் தெருவிலிருந்து ஒரு கூட்டம் அப்போது காசிக்குப் போகிறது. நானும் காசிக்கு என்றே பெயர் கொடுத்துவிட்டேன். உன் வீட்டுக்காரர் அங்கே வந்து என்னை அழைத்துக்கொள்ளட்டும்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. தாலியறுத்துத் தம்பி வீட்டுக்கு வந்ததிலிருந்து காலையில் கண் விழித்தால் இரவு படுக்கிற வரைக்கும் என்னை யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். "ஏனுங்கக்கா, பாவு நூலுக்குக் கஞ்சி ஆயிருச்சுங்களா?" என்று தறிக்காரர் கேட்கிறார். "அண்ணி, பையன் அழுவறானுங்க" என்று மணியன் பெண்டாட்டி சாலம்மாள் அடுப்படியிலிருந்து சொல்கிறாள். யாருமே கூப்பிடாமல் ஒரு பத்து நாள் இருந்து பார்க்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை. புலி இருக்கிறதாமே, இருக்கட்டும். அது என்னைக் கூப்பிடாது.

இப்படிக்கு,
உன் அக்கா

*

ராம்நகர்
2-10-1938

அன்புள்ள அக்காவுக்குச் சௌந்திரம் கால் தொட்டு வணங்கி எழுதுவது.

உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். ரயில் பாதைக்குக் கட்டை அனுப்புகிற மர டிப்போவில் கணக்கு எழுதுவதால் காட்டு இலாகாக்காரர்கள் எல்லோரும் அவருக்குப் பழக்கம். ஆற்றோரத்துப் பங்களாவுக்குப் பாஸ் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். இங்கிருந்து மாட்டு வண்டியில் ஒரு பகல் வழி. அந்தக் காட்டில் யாரும் துப்பாக்கி தூக்கக் கூடாது என்று சர்க்கார் சட்டம் போட்டபிறகு மான்கள் பயமில்லாமல் தண்ணீர் குடிக்க வருகின்றனவாம். காவல்காரன் பெண்டாட்டி சமைத்துப் போடுவாள். அவளுக்கு ரொட்டிதான் தெரியும். அரிசி கொண்டு வா. கம்பளியும் கொண்டு வா, மாசியிலும் இங்கே பல் கிட்டும்.

எட்டு வருஷமாய் நம் ஊர் முகம் ஒன்று பார்க்கவில்லை அக்கா. நானும் உன்னோடு பங்களாவுக்கு வருவேன். சத்தியமாய் உன்னைக் கூப்பிட மாட்டேன்.

அன்புத் தங்கை,
சௌந்திரம்

*

அம்மாபேட்டை
10-11-1938

தங்கைக்கு ஆசீர்வாதம்.

தீபாவளிச் சேலைகள் போய்விட்டன. பொங்கலுக்குப் பாவு தறியில் ஏறிவிட்டது. எனக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது, அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தைலம் நான்தான் காய்ச்ச வேண்டும்.

உனக்கு ஒரு ஜமுக்காளம் வாங்கி வைத்தேன். அதைப் பார்த்த நாளிலிருந்து சாலம்மாளுக்கு முகம் சரியில்லை. "அண்ணி இல்லாத ஊட்டுல நான் ஒருத்தி என்னத்தப் பாக்கறதுங்க?" என்று கேட்டாள். அவள் கேட்பது நியாயம்தான். அந்த ஒருத்தியாகத்தான் நான் பன்னிரண்டு வருஷமாய்ப் பார்க்கிறேன். மணியன், "காசிக்கு அடுத்த வருசம் போலாமே" என்று இழுக்கிறான். நான் ஜமுக்காளத்தை மடித்து எடுத்து வைத்துவிட்டேன்.

கஞ்சி கிளறும்போது அந்த ஆற்றை நினைத்துக்கொள்கிறேன். அது எப்படி இருக்கும் என்று தெரியாது, நம் திருமணிமுத்தாறு மாதிரிதான் நினைப்பில் வருகிறது. உன் வீட்டுக்காரர் சொன்னபடி பாஸை மட்டும் வாங்கி வை.

அக்கா

*

ராம்நகர்
4-12-1938

அக்காவுக்கு வணக்கம்.

இத்தனை நாள் உன்னிடம்கூடச் சொல்லாமல் இருந்தேன், மன்னித்துக்கொள். எனக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது. எட்டு வருஷம் கழித்து வந்ததால், வாய்விட்டுச் சொன்னால் தங்காது என்று பயம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் ஆக வேண்டும். ஆனால் அவ்வளவு தூரம் ரயிலில் போகக் கூடாது என்கிறாள் நர்ஸ். அம்மாவும் இல்லை. எனக்குத் தாய் வீடு என்றால் நீதான்.

அதனால் நீ வந்தால் சித்திரை முடிய இருந்துவிடு அக்கா. சுக்கு, பெருங்காயம், பழைய நூல் சேலைகள் எல்லாம் எடுத்து வா. வண்டியில் குலுங்கிக்கொண்டு நான் காட்டுக்கு வர முடியாது, நீயும் என்னை விட்டுவிட்டுப் போக மாட்டாய். பங்களா வேண்டாம் என்று சொல்லிவிடும்படி அவரிடம் சொல்லிவிட்டேன். காடு எங்கே போகிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ராத்திரியில் பயமாக இருக்கிறது. வலி வரும்போது நான் அம்மா என்று கத்தினால் இங்கே திரும்பிப் பார்க்க ஓர் ஆள் வேண்டாமா?

சௌந்திரம்

*

அம்மாபேட்டை
20-12-1938

தங்கைக்கு.

செய்தி கேட்டு மாரியம்மன் கோயிலில் விளக்குப் போட்டேன். நல்லபடியாகப் பெற்றெடுப்பாய். நான் வருகிறேன். மாசி பத்தாம் தேதி உன் வீட்டில் இருப்பேன்.

சாலம்மாளிடம் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. "புள்ளப்பேறுன்னாப் போயித்தானுங்க ஆகோணும் அண்ணி" என்று அவளே சுக்கு இடித்துக் கொடுத்தாள். மணியனும் மறுபேச்சுப் பேசவில்லை. வேலைக்குப் போகிறேன் என்றால் எல்லோருக்கும் சம்மதம்.

காட்டைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

அக்கா

*

காட்டு பங்களா, ராமகங்கைக் கரை
21-2-1939, மாசி ஒன்பது

சௌந்திரம்,

இந்தக் கடிதத்தை அரிசி கொண்டு வந்த வண்டிக்காரனிடம் கொடுத்து அனுப்புகிறேன். படித்துவிட்டு உன் வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போகாதே. நான்தான் டிப்போவுக்குத் தனியாகக் கடிதம் போட்டு, பாஸை விட்டுவிட வேண்டாம் என்று அவரைக் கெஞ்சினேன். வேலையாக பரேலி போவதாக உன்னிடம் சொல்லிவிட்டு மாப்பிள்ளை காசிக்கு வந்தார். என்னை நேராக இங்கே கொண்டுவந்து விட்டார். பத்து நாளாக நான் இங்கேதான் இருக்கிறேன். உன்னை ஏமாற்றினேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை.

முதல் மூன்று நாள் காட்டைப் பார்க்கவே இல்லை, தூங்கினேன். இத்தனை தூக்கம் என்னிடம் பாக்கி இருந்தது என்று எனக்கே தெரியாது. காவல்காரன் பெண்டாட்டி பேசுவது எனக்குப் புரியவில்லை, நான் பேசுவது அவளுக்குப் புரியவில்லை. ரொட்டியை வைத்துவிட்டுச் சிரித்துவிட்டுப் போவாள். இப்படி ஒரு நல்ல மனுஷியை நான் பார்த்ததில்லை. பிறகு ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்தேன். மான் வந்தது, யானை ஒன்று தூரத்தில் போனது. ஒன்றுக்கும் நான் வேண்டியிருக்கவில்லை. முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது.

நேற்றுச் சாயங்காலம் ஒரு மான்குட்டி தாயைக் காணாமல் கத்தியது. சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன். "வாரேன் சாமி" என்று பிள்ளைக்குச் சொல்வதுபோல் வாயும் சொல்லிவிட்டது. அப்புறம் கரையிலேயே உட்கார்ந்து அழுதேன். உன்மேல் கோபமாகத்தான் வந்தேன் சௌந்திரம். இப்போது இல்லை.

நாளைக்கு வண்டி வருகிறது. நாளை மறுநாளிலிருந்து எத்தனை தடவை வேண்டுமானாலும் கூப்பிடு, ராத்திரியிலும் கூப்பிடு, வருகிறேன். வலி வரும்போது நீ கத்தினால் திரும்பிப் பார்க்க நான் இருப்பேன். ஆனால் நாளைக்கு ஒரு நாள் மட்டும், நான் வந்து இறங்கும்போது குளிக்க வெந்நீர் நீ போட்டு வை.

தெய்வநாயகி