டூட்டிப் பட்டியல் மந்தினுக்கு வந்த கதை

அண்ணே,

இன்று காலை கிளை அலுவலகக் கதவுப் பிடியில் யாரோ ஒரு பை கோப்பி-ஓ, பால் இல்லாத கோப்பி, மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பிளாஸ்டிக் பை, கழுத்தில் சிவப்புக் கயிறு, அதே கருகிய வாசம். நீங்கள்தான் மாட்டிவிட்டு உள்ளே சாவி தேடுகிறீர்கள் என்று ஒரு கணம் நம்பிவிட்டேன். நீங்கள் போய் ஒரு மாதம் ஆகிவிட்டது.

அப்போதெல்லாம் மந்தின் கிளையில் குப்பை லோரி ஓட்டுகிற எங்களுக்கு டூட்டிப் பட்டியல் சிரம்பான் தலைமை அலுவலகத்திலிருந்துதான் வரும். எங்கள் தோட்டத்து மாரியம்மன் தீமிதி எப்போது என்று அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தெரியும்? தீமிதியன்று என் லோரியைக் கூட வேலை செய்யும் ரஹிம் ஓட்டுவான். ஹரிராயா நோன்புப் பெருநாளுக்கு அவன் லோரியை நான் ஓட்டுவேன். ஊரில் குப்பை தேங்கியதே இல்லை. ஆனால் ஒரு வருடம் சோதனைக்கு வந்தவர் பட்டியலையும் ஆளையும் ஒத்துப் பார்த்து, சொல்லாமல் வேலைக்கு வராதவன் என்று என்னை எழுதிக்கொண்டு போனார். வேலை போகும் நிலை. என் மனைவி சாமி படத்தின் முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

விசாரணைக்குக் கிளையின் எழுத்து வேலை பார்க்கும் தலைமைக் கிராணியாக நீங்களும் வந்தீர்கள். அதிகாரியிடம் மலாயில் போட்டீர்கள் ஒரு போடு: மந்தினில் யார் எப்போது லோரி ஏறுவது என்று மந்தினில் இருப்பவனுக்குத்தான் தெரியும், பட்டியலை எங்களிடம் கொடுங்கள், ஒரு நாள் குப்பை கிடந்தாலும் என்னை வீட்டுக்கு அனுப்புங்கள்.

வெளியே வந்ததும், “ஏண்ணே உங்க வேலைய பணயம் வச்சீங்க?” என்றேன்.

“பசிக்குது லா. வா, ரொட்டி சானாய் சாப்பிடுவோம்.”

என் வேலை தப்பியது. பிறகு பட்டியலும் கிளைக்கு வந்தது. முதல் சீனப் பெருநாளுக்கே சொதப்பினீர்கள். ஆளாளுக்கு லீவு கொடுத்துவிட்டு, வெள்ளைச் சட்டையோடு நீங்களே ரஹிமுடன் லோரியில் ஏறிப் பட்டாசுத் தாளும் ஆரஞ்சுத் தோலும் அள்ளினீர்கள். நினைத்தால் இன்றும் சிரிப்பு அடங்கவில்லை. அந்தப் பட்டியலால்தான் அண்ணே என் வீட்டில் உலை கொதித்தது.

இப்போது பட்டியல் போடுவது நான். ரஹாங்கில் உங்கள் பாடையைத் தூக்கிய அன்று நம் தமிழ் ஆட்கள் எல்லாரும் வரவேண்டும் என்றார்கள். யாரை விடுவது, யாரை நிறுத்துவது என்று விழித்துக்கொண்டிருந்தேன். ரஹிம் தன் மலாய்க் கூட்டாளிகளோடு வந்து லோரிச் சாவிகளை அள்ளிக்கொண்டான்.

“போங்க லா. ஊர நாங்க பாத்துக்கிறோம்.”

பட்டியலை மாற்றிக் கையெழுத்துப் போட்டேன். சிரம்பானில் யாரையும் கேட்கவேண்டியிருக்கவில்லை. உங்களைத் தோளில் சுமக்க எனக்கு வாய்த்த அந்தக் காலைப் பொழுது, நீங்கள் வாங்கித் தந்ததுதான் அண்ணே.