ராக்கெட்டுக்கு உடைத்த தேங்காய்

மாமி,

உங்கள் அலமாரியை இன்றைக்குத்தான் திறந்தேன். முப்பத்தொன்றாம் நாள் முடியும்வரை யாரும் தொடவேண்டாம் என்று உங்கள் மகன் சொல்லியிருந்தார். மடித்து வைத்த சேலைகளுக்கு அடியில் ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டு இருந்தது. விரல் பட்டதுமே வளையம் இற்று அறுந்துபோனது. எங்கள் கல்யாண அழைப்பிதழ்கள், ஓர் இருபது இருக்கும். பிள்ளையார் படம், இரண்டு வீட்டார் பெயர், கோயில் மண்டபம் எல்லாம் தங்க எழுத்தில் அச்சாகியிருக்கின்றன. தேதிக்கும் முகூர்த்த நேரத்துக்கும் மட்டும் வெறும் கோடு. என் சின்ன மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, கல்யாணத்துக்கு ஃபார்ம் நிரப்பினீங்களா?" என்று சிரித்தாள்.

அவளுக்குக் கதை சொல்ல ஆரம்பித்தேன். ராக்கெட்டைப் பற்றிச் சொன்னேன், தள்ளித் தள்ளிப் போனதைச் சொன்னேன். ஓர் இடத்தில் வாய் தானாக நின்றுவிட்டது. அதற்கு மேல் உள்ளதை உங்களிடம் மட்டும்தான் பேச முடியும். அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்தேன். வரும் சில்லுகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, தேறாததைத் தனியே எடுத்துப் போடுவது என் வேலை. சோதனை இயந்திரம் பொருத்த வந்த இன்ஜினியர் உங்கள் மகன். இரண்டு வருஷப் பழக்கத்துக்குப் பிறகு, கோலாலம்பூர் பக்கம் ஒரு செயற்கைக்கோள் தரை நிலையத்தில் வேலை கிடைத்துப் போனார். போகும்போது, "அம்மா பொம்பிளை கேட்டு வருவா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீங்கள் வந்தீர்கள். ஆயர் ஈத்தாமிலிருந்து சுங்கை பினாங்குக்கு, எங்கள் ஏழாவது மாடி வீட்டுக்கு. மாமா இறந்து பல வருஷமாகியிருந்ததால் வெற்றிலைத் தட்டத்தை நீங்கள் தொடவில்லை. உங்கள் மச்சாள்தான் தூக்கி வந்தார். ஆஸ்பத்திரிப் பதிவுப் பிரிவில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்த உங்களுக்கு ஒரு வீட்டைப் பார்வையாலேயே பதிந்துகொள்ளத் தெரியும். எங்கள் பழைய சோபா, லோரி ஓட்டும் அப்பாவின் கைலி, தொழிற்சாலைச் சீருடையில் அப்போதுதான் வந்து நின்ற நான். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து அரைக் கோப்பை தேநீரோடு எழுந்துவிட்டீர்கள். உங்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்தது. அம்மாவிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்து ஆளுங்களே அப்படித்தான் அமைதியா இருப்பாங்க என்று அம்மா மழுப்பினார்.

கல்யாணத்தை ஆவணியில் வைத்தோம். அவர் நிலையம் இயக்கப்போகும் தொலைக்காட்சிச் செயற்கைக்கோளை வெளிநாட்டு ராக்கெட் ஒன்று ஆடியில் கொண்டுபோய் விடும் என்றார்கள். அது மேலே போய், தன் இடத்தில் நிலைத்து நிற்கும்வரை தரை நிலையத்தில் ஒருவருக்கும் விடுப்பு இல்லை. ஆடியில் போனால் ஆவணியில் மாப்பிள்ளை வரலாம். அப்பா அழைப்பிதழ் அடித்துப் பாதியைக் கொடுத்தும் முடித்திருந்தார்.

ஆடியில் ராக்கெட் போகவில்லை. வேறொரு நாட்டுச் செயற்கைக்கோள் வரிசையில் முன்னால் நின்றதாம். பேருந்துக்கு நிற்பதுபோல வானத்துக்கும் வரிசை உண்டு என்பது அப்போதுதான் எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்தது. உங்கள் மகன் எனக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். ஆனாலும் நீங்கள் மச்சாளோடும் தட்டத்தோடும் நேரில் வந்தீர்கள். "நாள் மாத்திறதெண்டால் ஃபோனில சொல்லக்கூடாது. திரும்பவும் வந்துதான் கேக்கவேணும்" என்றீர்கள். முகத்தில் வருத்தம் இருந்ததா என்று உற்றுப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அப்பா வீடு வீடாகப் போய், கொடுத்த அழைப்பிதழ்களைத் திரும்ப வாங்கி வந்தார். அது பெரிய அவமானம். அடுத்த முறை அச்சகத்தில், "தேதிய கோசோங்கா வுட்ருங்க லா. எப்ப போவுதோ அப்ப நாங்களே எழுதிக்கிறோம்" என்று சொல்லிவிட்டார். அந்த வெற்று அட்டைகளில் மிஞ்சியவைதான் இன்று என் மடியில் கிடக்கின்றன.

ஐப்பசி வந்தது. ராக்கெட்டில் ஏதோ வால்வு பழுது என்று மறுபடி தள்ளிப்போட்டார்கள். மறுபடி தட்டம். இந்த முறை என் அத்தையும் வீட்டில் இருந்தார். "நல்லா விசாரிச்சீங்களாண்ணே? ராக்கெட் மாப்பிள்ள ராக்கெட் மாப்பிள்ளன்னு பாஸார்லகூட சிரிக்கிறாங்க" என்று உங்கள் காதில் விழும்படியே சொன்னார். நீங்கள் தலை குனிந்திருந்தீர்கள். எனக்கு அத்தையின் பேச்சு எரிச்சலாக இருந்தது. உங்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எந்த வால்வு மாமி? எரிபொருள் போற பக்கமா?" என்று கேட்டேன்.

நீங்கள் திடுக்கிட்டுப் பார்த்தீர்கள். "எனக்கு அதெல்லாம் தெரியாது பிள்ளை. உமக்குக் கோவம் வரேல்லையே?"

"எங்க ஃபேக்டரியிலயும் டெஸ்ட்ல ஃபெயிலானா நிறுத்தித்தானே வைப்போம் மாமி. எங்க சாமானாச்சும் திரும்பி வரும். இது மேல போனா போனதுதான். அவங்க நல்லா பாத்துட்டே அனுப்பட்டும்."

பெரிய ஞானத்தோடு சொன்னதில்லை. தினமும் நான் செய்கிற வேலையைத்தான் சொன்னேன். அன்றைக்கு முதல்முறையாக நீங்கள் தேநீரை முழுதாகக் குடித்தீர்கள்.

கார்த்திகையில் எல்லாம் தயார் என்றார்கள். வானத்தில் மேல்காற்று சரியில்லை என்று மூன்றாவது முறையும் தள்ளினார்கள். அடுத்தது மார்கழி. மார்கழியில் யார் கல்யாணம் வைப்பது? அப்பாவின் பொறுமை அத்தோடு போய்விட்டது. பட்டர்வொர்த்தில் அத்தைக்குத் தெரிந்த ஒரு பையன் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை அவர்களைப் பெண் பார்க்க வரச் சொல்லப்போவதாக அப்பா சொன்னார். நான் அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன். ஒன்றும் அசையவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் நீங்கள் வந்தீர்கள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஏழு மாடி ஏறி, மூச்சு வாங்கி, வாசலில் நின்றீர்கள். கூட யாரும் இல்லை. தட்டம் உங்கள் கையில் இருந்தது. இனி இந்தக் கூத்துக்கு வரமாட்டேன் என்று மச்சாள் சொல்லிவிட்டாராம்.

"தம்பி, இது நான் தூக்கக்கூடாத தட்டம் எண்டு எனக்குத் தெரியும். தூக்க ஆளில்லை. சகுனம் பிழையெண்டு நினைச்சால் இப்பிடி வாசலிலயே வச்சிட்டுப் போறன். ஆனால் பிள்ளையை வேற இடத்தில குடுத்திடாதேங்கோ."

அம்மா ஓடிப்போய் உங்கள் கையிலிருந்து தட்டத்தை வாங்கினார். "உள்ள வாங்கக்கா, என்னா பேச்சு இது, வாசல்ல நின்னுக்கிட்டு." அப்பா எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நீங்கள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "தை முடியிற வரைக்கும் பாப்பேன் சம்மந்தியம்மா. அதுக்குள்ள தாலி ஏறலன்னா எம்பொண்ண இன்னும் நான் வச்சிக்கிட்டு இருக்க மாட்டேன்."

மார்கழி முடிகிற சமயம், ஒரு காலை நேரத்தில் ராக்கெட் போகும் என்று செய்தி வந்தது. முதல் பேருந்தைப் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். தொலைக்காட்சியில் காட்டினார்கள். எங்கோ ஒரு தூரத்துக் கரையில், அவர்களுக்கு அந்திப்பொழுது. எண்ணிக்கொண்டே வந்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். "மறுபடியுமா!" என்று அப்பா எழுந்துவிட்டார். நீங்கள் கண்ணை இறுக்கி மூடி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள். திரும்ப எண்ணத் தொடங்கினார்கள். நெருப்பு கிளம்பியது, வெள்ளையாகப் புகை சூழ்ந்தது, அந்தத் தூண் மெல்ல எழும்பியது. அப்பா கைதட்டிக் கத்தினார். நீங்கள் கண்ணைத் திறக்கவேயில்லை.

"விழேல்லத்தானே?"

"போயிருச்சு மாமி."

"விழேல்லத்தானே பிள்ளை? வடிவாப் பாரும்."

செயற்கைக்கோள் ராக்கெட்டை விட்டுப் பிரிந்துவிட்டது, சரியான பாதையில் இருக்கிறது என்று உங்கள் மகன் தொலைபேசியில் சொல்லும்வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தீர்கள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதீர்கள். மகனின் வேலையை நினைத்துத் தாய் பயந்திருக்கிறாள் என்று நான் நினைத்தேன். மணிக்கட்டில் உங்கள் நகம் பதிந்த தடம் மூன்று நாள் இருந்தது.

தை கடைசி முகூர்த்தம் குறித்தாயிற்று. பதிவேட்டில் எழுதிப் பழகிய அந்த உருண்டைக் கையெழுத்தில், கொடுக்கவேண்டிய அத்தனை அழைப்பிதழிலும் தேதியை நீங்களே நிரப்பினீர்கள். யாரையும் தொடவிடவில்லை.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது தைப்பூசம். ரதம் வருகிற பாதையில், ஜாலான் டத்தோ கெராமாட்டில், என்னை வரச் சொன்னீர்கள். சாலையோரம் மலைமலையாகத் தேங்காய். உங்களுக்குப் பக்கத்தில் இரண்டு கோணிப்பை நிறைய இருந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துத் தாரில் அடித்தீர்கள். இளநீர் தெறித்து உங்கள் முகமெல்லாம் நனைந்தது.

"இவ்வளவு எதுக்கு மாமி? கல்யாணத்துக்கா?"

நீங்கள் நிறுத்தினீர்கள்.

"ராக்கெட்டுக்கு. முதல் தரம் உங்கட வீட்டுக்கு வந்த அண்டைக்கு நான் நேரா முருகனிட்டப் போனனான். இந்தக் கலியாணம் நடக்கக்கூடாது, அந்த ராக்கெட்டைப் போகவிடாதே எண்டு கும்பிட்டனான். அது நிண்டால் இதுவும் நிக்கும் எண்டு எனக்குத் தெரியுந்தானே. தள்ளிப்போச்செண்டு கேட்டவுடன சந்தோஷப்பட்டனான் பிள்ளை."

நான் காலடியில் சிதறிக் கிடந்த ஓடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பிறகு நீர் பக்கத்தில வந்திருந்து என்ன பழுதெண்டு கேட்டீர். அண்டைக்கே திரும்பப் போய் மாத்திக் கும்பிட்டனான். ஆனா அது கேக்கேல்ல. திரும்பவும் தள்ளிப்போச்சு. நான் முதல் கேட்டதைத்தான் முருகன் பிடிச்சு வச்சிருக்கிறான், அது வெடிச்சு விழப்போகுது, என்ர பிள்ளையின்ர உழைப்பெல்லாம் என்னால நாசமாப் போகப்போகுது எண்டு நான் பட்ட பாடு..." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். "இதைச் சொல்லாமல் உம்மை வீட்டுக்குள்ள கூட்டிக்கொண்டு போக எனக்கு மனம் வரேல்ல. இன்னும் ஒரு கிழமை இருக்கு. வேண்டாமெண்டால் இப்ப சொல்லும். அவனுக்குச் சொல்லுறதும் விடுறதும் உம்மட விருப்பம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, மாமி. ஐந்து மாதம் ஊர் சிரிப்பைத் தாங்கினேன். அப்பா அட்டைகளைத் திரும்ப வாங்கப் போன வீடுகள் எல்லாம் கண்ணில் வந்தன. இந்த அம்மாளோடு ஒரே கூரையின் கீழ் எப்படி இருக்கப்போகிறேன் என்று நினைத்தேன். அப்படியே திரும்பி வீட்டுக்கு நடந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

என்ன செய்வதென்று தெரியாமல் பையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து ஓங்கி அடித்தேன். அது உடையவில்லை. உருண்டு போய், தானும் நேர்ந்துகொண்டு தேங்காய் உடைத்துக்கொண்டிருந்த ஒரு சீனக் கிழவரின் காலில் முட்டியது. அவர் எடுத்துத் துடைத்து என் கையில் கொடுத்து, "செகாலி லாகி!" என்று இன்னொரு தரம் போடச் சொன்னார். போட்டேன். சிதறியது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"கோவமோ?" என்று கேட்டீர்கள்.

"ஆமா மாமி. ரொம்பக் கோவம். அடுத்த வாரம் கல்யாணம் முடியட்டும், வந்து வச்சிக்கிறேன்."

நீங்கள் ஒரு கணம் விழித்தீர்கள். பிறகு இன்னொரு தேங்காயை எடுத்து என்னிடம் நீட்டினீர்கள்.

அந்தக் கோபம் ஆற எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. நாம் சமையலறையில் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம். எந்தச் சண்டையிலும் அதை நான் எடுத்ததில்லை, நீங்களும் பயந்ததில்லை. பல வருஷம் கழித்து, அந்தச் செயற்கைக்கோளின் காலம் முடிந்து அதை அணைத்துவிட்டார்கள் என்று ஒரு நாள் உங்கள் மகன் சாப்பாட்டு மேசையில் சொன்னார். "பாவம்" என்று நீங்கள் முணுமுணுத்து என்னைப் பார்த்தீர்கள். எனக்குப் புரையேறிவிட்டது. உங்கள் மகன் ஒன்றும் புரியாமல் என் தலையைத் தட்டினார்.

முந்தாநாள் சடங்கு முடிந்து எல்லோரும் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தபோது, உங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. அவர் கண் கலங்கிச் சொன்னார்: "ராக்கெட் தள்ளிப் போகப் போக ரெண்டு வீட்டிலயும் எல்லாருக்கும் மனசு ஆடிப்போச்சு. எனக்கே ஆடினது. அம்மா ஒருத்திதான் முதல் நாள் தொடக்கம் கடைசி மட்டும் மாறாமல் நிண்டவ." சொல்லிவிட்டு, சாட்சிக்கு என்னைப் பார்த்தார்.

"ஓம்" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

நீங்கள் மாறாமல் நின்றிருந்தால் நான் இந்த வீட்டுக்கு வந்தே இருக்கமாட்டேன், மாமி. அதை நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை.