ஒருத்தி அடிக்க, ஒருத்தி தேய்க்க

இன்று காலை மரத்துக்குப் பூசும் எண்ணெய் டின்னின் மூடியை நெம்பித் திறந்தேன். ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் கலந்த அந்த வாசனை கிளம்பி அடுப்படி வரை வந்துவிட்டது. உனக்குப் பிடித்த வாசனை. எனக்குத் தலைவலி தருவது. நீ போன பிறகு அந்த டின்னைத் திறந்தது இதுதான் முதல் தடவை. இப்போது பொழுது சாய்ந்துவிட்டது. சோப்புப் போட்டுக் கை கழுவியும் விரலிடுக்கில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. உன்னிடம் சொல்ல நிறைய சேர்ந்துவிட்டதால் எழுத உட்கார்ந்தேன்.

ஊரார் கணக்கில் நாம் ஓரகத்திகள். அண்ணனை நான் கட்டினேன், தம்பியை நீ கட்டினாய். கல்லிடைக்குறிச்சியில் ஆற்றை ஒட்டிய வீட்டு வளவைப் பாகம் பிரித்தபோது, ஆற்றைப் பார்த்த பாதி யாருக்கு என்று அண்ணனும் தம்பியும் மோதிக்கொண்டார்கள். அவர்கள் சண்டைக்கு நாமும் பேச்சை நிறுத்தினோம். பிறகு ஆண்கள் சமாதானமாகி, பாபநாசத்துக்கும் அருவிக்கும் வருகிறவர்கள் தங்குவதற்கு அறைகள் கட்டினார்கள். பின்பக்கம் ஆற்றைப் பார்த்து உட்கார ஒரு தளம் வேண்டும் என்றபோது, சிமெண்ட் போதும் என்றார்கள் அவர்கள். தேக்குப் பலகைதான் போட வேண்டும் என்று நின்றவள் நீ. அந்த வீட்டில் நீ கேட்டு வாங்கியது அது ஒன்றுதான்.

ஆண்கள் ராசியானார்கள், நாம் ஆகவில்லை. விருந்தாளிகளுக்குக் காலைச் சாப்பாடு உன் அடுப்பில், இரவுச் சாப்பாடு என் அடுப்பில். அவர்கள் முன்னால் சிரிப்போம். அவர்கள் போனதும் ஆளுக்கொரு கதவைச் சாத்திக்கொள்வோம். இப்படியே சில வருஷங்கள் ஓடின.

ஒரு ஐப்பசி மழைக்குப் பிறகு தளம் முழுக்கப் பாசி பிடித்தது. காப்பி டம்ளரோடு ஆற்றைப் பார்க்கப் போன ஒரு பெரியவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டார். நல்ல மனிதர், ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஆனாலும் அவரை ஆஸ்பத்திரியில் விட்டுத் திரும்பிய அன்றே அண்ணனும் தம்பியும் முடிவு செய்துவிட்டார்கள். மழை முடிந்ததும் பலகையைப் பேர்த்துவிட்டு டைல்ஸ் பதிப்பது என்று. நீயோ, தை பிறந்து வெயில் வந்ததும், லாரி கழுவும் வாட்டர் சர்வீஸ் கடையிலிருந்து ஒரு பிரஷர் மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாய்.

என் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் பட்ட இடத்தில் பாசி பறந்தது. உனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குழாயின் வாயை இன்னும் கிட்டே கொண்டுபோனாய். ஈரம் காய்ந்ததும்தான் தெரிந்தது: மரத்தின் மேல்தோல் கிழிந்து, உரித்த தேங்காய் போல நார் நாராகச் சிலிர்த்து நின்றது. ஒரு பலகையில் உளியால் இழுத்த மாதிரி நீளமாக ஒரு பள்ளம். கொழுந்தன் வந்து பார்த்து, இதற்குத்தான் பேர்க்கச் சொன்னேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நீ படியில் உட்கார்ந்து அந்தப் பள்ளத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாய்.

அன்று சாயங்காலம் என் அடுப்படி வாசலில் வந்து நின்றாய். உள்ளே வரவில்லை.

“யக்கா, பலகைக்கு எண்ணெய் அடிக்க ஸ்பிரேயர் வாங்கணும், வண்ணார்பேட்டைக்கு ஒரு தடவ வாறீயளா? நான் ஒருத்தியா போனா கடைக்காரரு நீட்டுனத வாங்கிட்டு வந்துருவேன். நீங்க கூட நின்னா கேள்வி கேப்பேன்.”

எப்போது போக வேண்டும் என்று மட்டும் கேட்டேன். மறுநாள் பஸ்ஸில் சேரன்மகாதேவி வரைக்கும் நாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு நிறுத்தவில்லை.

கடை அண்ணாச்சி முதலில் பெரிய மெஷினைத்தான் காட்டினார். பெயிண்டை நேராக டின்னிலிருந்து உறிஞ்சி அடிக்கும், ஒரு கல்யாண மண்டபத்தையே மதியத்துக்குள் முடித்துவிடலாம் என்றார். நமக்கு இருப்பது மண்டபம் இல்லை, ஒரு தளம்தான் என்றாய். பலகை குடிக்கிற வேகத்துக்கு மேல் எண்ணெயைக் கொட்டினால் மிச்சம் பிசின் போல ஒட்டிக்கொண்டு நிற்குமே என்றும் கேட்டாய். அவர் அதை ஒத்துக்கொண்டு, கம்ப்ரசரில் ஓடும் துப்பாக்கியைக் காட்டினார். அது கதவுக்கும் பீரோவுக்கும் அருமையாக இருக்கும். திறந்த வெளியில் பாதி எண்ணெய் காற்றோடு போய்விடும் என்று அவரே சொன்னார். கடைசியில், கையால் பம்ப் அடித்துக் காற்றேற்றும் சின்ன டாங்க் ஸ்பிரேயர். தோட்டத்துக்கு மருந்தடிக்கிற அதே சாதி. நம் வீட்டிலேயே ஒன்று கிடக்கிறதே என்றேன். பூச்சிமருந்து நாற்றம் உள்ள டாங்க் மரத்துக்கு ஆகாது என்று நீயும் அண்ணாச்சியும் ஒரே நேரத்தில் சொன்னீர்கள்.

“தண்ணி ஊத்தி அடிச்சுக் காட்டுங்க அண்ணாச்சி,” என்றாய். அவர் சிரித்துக்கொண்டே கடைக்குப் பின்னால் கூட்டிப் போனார். வெயிலில் காய்ந்த சிமெண்ட் தரையில் நீ ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தாய். திரும்பி என்னிடம் சொன்னாய்: “கண்ணால பாத்து வாங்கக் கூடாது யக்கா. அடிச்சுப் பாத்து வாங்கணும்.” முந்தின நாள் பிரஷர் மெஷினைப் பார்த்த மாத்திரத்தில் எடுத்து வந்தவள் பேசுகிற பேச்சா இது என்று கேட்டேன். உனக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

கழுவுவதற்கு ஒன்று, எண்ணெய்க்கு ஒன்று என்று இரண்டு டாங்க் எடுத்தோம். சாதாரண வாஷரை எண்ணெய் உப்ப வைத்துவிடும் என்பதால், இரண்டாவதற்கு எண்ணெய் தாங்கும் வாஷர் போட்டுத் தரச் சொன்னாய்.

முதல் ஒத்திகையிலேயே வம்பு வந்தது. வெறும் தண்ணீரை ஊற்றித்தான் அடித்தாய். டாங்க்கோடு வந்த நாசில் வட்டமாகப் பனி போலத் தூவியது. ஆற்றுக் காற்று அதை அள்ளிக்கொண்டு சுவரைத் தாண்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு மதினி பாயில் அப்பளம் காயப் போட்டிருந்தாள். அவளுடைய பிழைப்பே அதுதான். புள்ளி புள்ளியாக நனைந்த ஒரு அப்பளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

“ஏளா, இன்னைக்குத் தண்ணி. நாளைக்குச் சாயமா வரும்?”

குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். நீ அவள் கையிலிருந்து அப்பளத்தை வாங்கிப் பார்த்தாய். நாசிலை மாற்றாமல் ஒரு சொட்டு எண்ணெய்கூட அடிக்க மாட்டேன் என்று அவளிடம் சொன்னாய். மறுபடி வண்ணார்பேட்டை. விசிறி போலத் தட்டையாக விரிந்து, பெரிய பெரிய துளியாக விழும் நாசில் ஒன்றைத் தேடிப் பிடித்தோம். அதைப் பலகைக்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்தால் காற்றுக்கு அள்ள ஒன்றும் கிடைக்கவில்லை. இருந்தாலும் சுவரோரம் பழைய வேட்டிகளைக் கட்டித் தொங்கவிட்டோம். அவள் பாய் விரிப்பதற்கு முன்பே காலையில் வேலையை முடித்துவிடுவது என்றும் வைத்துக்கொண்டோம்.

மரம் கழுவும் பொடியைக் கரைத்து அடித்து, கொஞ்சம் ஊற விட்டு, மெல்லிய பிரஷால் நாரோட்டத்திலேயே தேய்த்து, செடிக்கு ஊற்றும் குழாயால் அலசினோம். பலகை நன்றாகக் காய்ந்த பிறகு, சிலிர்த்து நின்ற நாரை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தோம். பளபளவென்று வார்னிஷ் அடித்துவிடலாமே என்று என் வீட்டுக்காரர் சொன்னார். இன்னொரு பெரியவர் விழுவதற்கா என்று நீ கேட்டதும் உள்ளே போய்விட்டார்.

எண்ணெய் அடித்த காலை எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. நீ முன்னால் அடித்துக்கொண்டே போனாய். பலகை குடிக்காமல் விட்டதை நான் பின்னாலேயே பிரஷால் இழுத்து விட்டேன். அடிக்கிறவள் வேகமாகப் போனால் தேய்க்கிறவளுக்கு முன்பே எண்ணெய் இறுகிவிடும். தேய்க்கிறவள் அசந்தால் அடிக்கிறவள் நிற்க வேண்டும். வெளுத்துச் சாம்பலாகக் கிடந்த மரம் தேன் நிறத்துக்கு வந்தது. மதியம் நீ உன் அடுப்பை மூட்டவில்லை. என் அடுப்படியில் உட்கார்ந்து சொதி சாப்பிட்டாய். டைல்ஸ் பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை.

அடுத்த வருஷம் அம்பாசமுத்திரத்தில் ஒரு தோட்ட வீட்டுக்காரர் தம் தளத்தைச் செய்து தரச் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு பாபநாசத்துக்கு மேலே ஒரு பங்களா. இரண்டு பொம்பளைகள் டாங்க்கைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்குவதை ஆட்கள் வேடிக்கை பார்ப்பார்கள். வேலை முடிந்து கிளம்பும்போது தேநீர் கொடுத்து வழியனுப்புவார்கள். ஒவ்வொரு இடத்திலும் நீ முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் அடித்துப் பார்ப்பாய். அது காய்கிற வரைக்கும் காத்திருப்பாய். எனக்கு எரிச்சலாக இருக்கும். இப்போது நானும் கேட்கிறவர்களுக்கு அதைத்தான் சொல்கிறேன்.

உன் நோய் நம்மிடம் கேட்டுக்கொண்டு வரவில்லை. கடைசி மாதங்களில் உன் நாற்காலியைத் தளத்தில்தான் போட்டோம். நீ போன பிறகு கொழுந்தன் அந்தப் பக்கம் கால் வைக்கவில்லை. சாப்பாட்டுக்கு என் அடுப்படிக்கு வருவார், சாப்பிடுவார், முன்வாசல் வழியாகப் போய்விடுவார். அந்த வருஷம் தளத்தை யாரும் தொடவில்லை. இந்த மாசியில் பார்த்தால், மூலையில் மறுபடி பச்சை. யாரிடமும் கேட்காமல் கழுவிப் போட்டுக் காய விட்டேன்.

இன்று நானே அடித்தேன். ஒரு பலகை அடிப்பது, டாங்க்கைக் கீழே வைப்பது, பிரஷை எடுப்பது, தேய்ப்பது. மெதுவாக என்றாலும் வேலை நடந்தது. கொஞ்ச தூரம் போயிருப்பேன். கொழுந்தன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்தார்.

“மதினி, பிரஷ இங்கன குடுங்க.”

முதல் பலகையைக் குறுக்கே தேய்த்தார். பைய, நாரோட்டத்தில் போக வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். நீ பள்ளம் போட்ட பலகை வந்ததும் நிறுத்தினார். கட்டைவிரலை அதில் வைத்து நீளத்துக்கும் இழுத்துப் பார்த்தார். அவர் கண் துடைக்கும் வரை நான் டாங்க்குக்குக் காற்றேற்றுகிற மாதிரி திரும்பி நின்றேன். பிறகு கடைசிப் பலகை வரை இருவரும் சேர்ந்தே போனோம்.

மத்தியானம் மேலப்பாளையத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். யாரோ நம் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். அவள் கணவர் வெளிநாட்டிலிருந்து வந்தபோது மொட்டைமாடியில் மரத்தளம் போட்டுக் கொடுத்திருக்கிறார். அது கறுத்துவிட்டதாம். பெரிய மெஷின் ஒன்றை வாங்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், பக்கத்து மாடிகளில் துணி காயும் என்றேன். கைப்பம்ப், தட்டை நாசில், எண்ணெய் தாங்கும் வாஷர், ஒரு மூலையில் அடித்துப் பார்ப்பது என்று எல்லாம் விளக்கினேன். எங்கும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டாள். நானும் என் தங்கச்சியும் செய்து செய்து கற்றுக்கொண்டது என்றேன். உன்னை அந்த உறவுமுறை சொல்லி நான் யாரிடமும் பேசியதில்லை. வாயில் அதுதான் வந்தது.

அப்படியானால் இருவரும் சேர்ந்தே வந்து பார்த்துச் சொல்லுங்களேன் என்றாள் அவள்.

“அவ இல்லம்மா,” என்றேன். “நான் வாறேன்.”