கால் தெரிந்த படம்

அன்புள்ள அம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முழங்கால் வலியும் அத்தாவின் இருமலும் இப்போது எப்படி இருக்கின்றன? சென்னையில் நான் நலம்.

கன்னிவாடிப் பெண் வீட்டாருக்குக் காட்ட என் போட்டோ கேட்டிருந்தீர்கள். என் போன் நிறையப் படங்கள்தான், ஆனால் எல்லாம் யார் யார் வீட்டு வாசலோ. பிறர் கடையில் வாங்கிய பொருளை அன்றைக்கே அவர்கள் வீடு சேர்த்து, வாசலில் வைத்துப் படம் எடுத்து கம்பெனிக்கு அனுப்பவேண்டும். வண்டியும் போனும் இருந்தால் எவரும் இந்த வேலையில் சேரலாம். எங்களை 'பார்ட்னர்' என்பார்கள்.

போன வாரம் ஒரு பட்டுப்புடவைப் பெட்டி. அந்த அடுக்குமாடியில் பார்ட்னரை லிப்டில் ஏற்றமாட்டார்களாம். ஐந்தாம் மாடிப் படியில் இடறி, கட்டைவிரல் நகம் லேசாகப் பெயர்ந்துவிட்டது. பயப்படாதீர்கள், ஆறிவிட்டது. ஆனால் வாசல் படத்தில் அந்தக் கால் தெரிந்ததாம், ரத்தம் அசிங்கமாக இருந்ததாம். கம்பெனியில் படத்தை ஏற்காமல் தள்ளிவிட்டு, வேலை எடுக்க முடியாதபடி என் ஐடியையும் முடக்கிவிட்டார்கள்.

நேரே ஆபீசுக்குப் போய்க் கத்தினேன். "ஏலே, கால் இல்லாம உன் பொட்டி எப்படிடா அஞ்சு மாடி ஏறும்? பறந்து வருமா?"

"படத்துல பார்சல் மட்டும்தான் இருக்கணும் ப்ரோ," என்றான் மேஜையில் இருந்தவன், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். இன்னும் வயிறு எரிகிறது அம்மா.

நேற்றுதான் ஐடியைத் திறந்தார்கள். கொஞ்சம் கறி மசாலா அரைத்து அனுப்புங்கள், இங்கே சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளத் தரும் வெஞ்சனம் வாயில் வைக்க முடியவில்லை. ஒரு ஜோடி செருப்பும் வேண்டும், எட்டாம் நம்பர்.

கொண்டுசேர்க்க அடுத்த பார்சல் வந்துவிட்டது, கிளம்புகிறேன். அவர்கள் தள்ளிய படத்தையே பிரின்ட் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பெண் வீட்டாரிடம் அதையே காட்டுங்கள். இந்த ஊரில் நான் இருக்கிற ஒரே படம் அதுதான்.

உங்கள் மகன்,
இஷாக்