முழங்கால் அறிக்கை

பெரியகல்லாறு
யூன் 18

அன்பு மகன் நிலோஜனுக்கு,

அம்மா எழுதுவது. பிள்ளையார் கிருபையால் நானும் உன் தங்கை மேனுகாவும் சுகம், நீயும் சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன், நம்புவதைத் தவிர என்னால் வேறொன்றும் செய்ய முடியவில்லை. தொலைபேசியில் நீ "ஒண்டுமில்லம்மா" என்று வைத்துவிடுவதால் எழுதுகிறேன்.

மேனுகா எல்லாம் சொன்னாள். அந்தப் பந்துவீச்சாளரின் முழங்கால் ஆறவில்லை, போட்டியில் இறக்க வேண்டாம் என்று அணியின் இயன்மருத்துவரான நீ எழுதிக் கொடுத்தாய். அவர் இல்லாவிட்டால் அரங்கு நிறையாது என்று கிரிக்கெட் சபை நினைத்தது, நான் இல்லாமல் அணியா என்று அவர் நினைத்தார், இறக்கினார்கள். நாலாவது ஓவரில் அவர் விழுந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். இப்போது நீ எச்சரிக்கவே இல்லை என்று ஒரு கடிதத்தை நீட்டி, கையெழுத்து வைத்தால் ஆறு மாத விடுப்பு, வைக்காவிட்டால் வேலை இல்லை என்கிறார்களாம்.

நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். போட்டிக்கு முதல்நாள் மீன் கொண்டுவந்த உசனார், "டீச்சர், ஒங்கட மகன்தானே அவர்ர கால பாக்குற, எப்பிடியாச்சும் எறக்கச் சொல்லுங்க, அவர் இல்லாட்டி நம்மட டீம் புளி போடாத மீனாணம், வாயில வைக்கேலாத கறி" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உன்னைத் தொலைபேசியில் அழைத்து, பெரியவர்கள் விரும்பினால் நீ ஏன் குறுக்கே நிற்கிறாய் என்று கேட்டேன். உண்மையில்லாத தாளில் கையெழுத்து வைக்கக்கூடாது என்று கொன்வென்ற் சிஸ்டர்மார் எனக்குச் சொன்னதை உனக்குச் சொல்லி வளர்த்தவளும் நான்தான். இன்று அதே உசனார், "மகன்தான் அவர்ர கால ஒடச்சிப்போட்டாராமே" என்கிறார். திருத்திச் சொன்னேன், தராசைப் பார்த்தபடி தலையாட்டினார். நான் ஒருத்தி எத்தனை பேரைத் திருத்துவது?

கையெழுத்து வை என்று சொல்ல நாக்கு எழவில்லை. வைக்காதே என்றால், போகிற வேலைக்கு என்னிடம் என்ன பதில் இருக்கிறது? நீ எழுதிய அறிக்கையின் பிரதியை மட்டும் யார் கேட்டாலும் கொடுத்துவிடாதே. வேளைக்குச் சாப்பிடு.

நேற்றுக் கதிர்காமத்துக்கு நம் தெருச்சனம் நடையாகப் புறப்பட்டது. நோகிற காலோடு நானும் நடக்கிறேன் என்றபோது, "எந்த முருகனும் ஒங்கட முழங்காலக் கேக்கல்லம்மா" என்று நீ தடுத்ததற்கு மூன்று நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன் அல்லவா. வாசல் படலைவரை போய் வழியனுப்பிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். உன் சொல்லை ஒருவராவது கேட்டதாக இருக்கட்டும்.

முருகன் உன்னைக் கைவிடமாட்டான்.

உன் அம்மா,
அன்னப்பூரணி அருமைநாயகம்