மேட்டுப்படியில் ஓடிய சம்பந்திக்கு

சம்பந்தி, இன்று காலை பலாங்கொடை ஆஸ்பத்திரியில் என் நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவினார்கள். இதயத்துடிப்பைத் தாளில் கோடாக எடுப்பதற்கு. அந்தக் குளிர் பட்டதும் துள்ளி எழுந்துவிட்டேன். "பயவென்ன எப்பா அம்மே" என்று நர்ஸ் சிங்களத்தில் தைரியம் சொல்லி என் தோளைத் தட்டினார். நான் பயப்படவில்லை. இதே பசை தடவியபோது நீங்களும் இப்படித்தான் துள்ளினீர்கள்.

அன்று உங்களோடு இரத்தினபுரி கிளினிக்குக்கு வந்தவள் நான். கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் சிங்களப் பிள்ளைகளோடு வளர்ந்த எனக்கு அந்தப் பாஷை தண்ணீர்பட்ட பாடு. தேயிலைக் கொழுந்துக் கூடையோடு மேடேறினால் நெஞ்சை அழுத்துகிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்று நீங்கள் சொன்னதை டாக்டரம்மாவுக்குச் சொன்னேன். அவர் பொறுமையாக விளக்கினார். நான் அதைத் தமிழில் உங்களிடம் திருப்பிச் சொன்னேன்.

"மத்த சதையெல்லாம் வர்ற இரத்தத்துல கொஞ்சம் பிராணவாயுவ எடுத்துக்கிட்டு மிச்சத்த விட்டுருமாம் சம்பந்தி. வேல கூடினா அந்த மிச்சத்துல கை வைக்கலாம். இதயச் சதை சும்மா இருக்கறப்பவே பெரும்பங்க வழிச்சு எடுத்துருமாம். கூட வேணும்னா கூட இரத்தம்தான் வரணும். ஒங்களுக்கு அது வர்ற குழாய் சுருங்கிப் போச்சாம்."

"அப்ப மேட்டுல ஏறினா அதுக்குப் பட்டினியா?"

"ஆமாங்க. அது சாப்புடுறதே ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவுல ஓயுற நேரத்துலதானாம். வேகமா அடிச்சா வேல கூடும், சோறு கொறையும்."

"அட, அதுக்கும் நம்ம தோட்டத்துலதான் பேர் பதிஞ்சிருக்கு போல!"

இதைச் சிங்களத்தில் சொன்னபோது டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார். துடிப்பை நிதானமாக்கும் மாத்திரை கொடுத்து, எதையும் "ஹெமின், ஹெமின்" செய்யச் சொன்னார். மெல்ல, மெல்ல. அதன்பிறகு நம் லயத்து வீடுகளிலிருந்து ரோட்டுக்கு ஏறும் படிகளில் நின்று நின்றுதான் போனீர்கள். மாத்திரையை ஒருநாளும் தவறவிட்டதில்லை.

யுத்தத்தின் கடைசிக் காலத்தில், கொழும்பில் இரும்புக் கடையில் வேலை செய்த உங்கள் மகனை ஒரு சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். என் மகளின் புருஷன். எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுகூடத் தெரியவில்லை. என் மகள் சோற்றைத் தொடவில்லை. நானோ உங்கள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கவலை உங்களைக் கொண்டுபோய்விடும் என்று உள்ளுக்குள் நடுங்கினேன்.

"வலிக்குதா சம்பந்தி?"

"வலிச்சா மட்டும் அவன் வந்துருவானா? போய் புள்ளைய சாப்புட வைங்க."

எல்லாரையும் நீங்கள்தான் தாங்கினீர்கள். அத்தனை நாளும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருமுறைகூட நீங்கள் உட்காரவில்லை.

பிறகு அந்தப் பகல். பஸ் போன சத்தம் கேட்டது. மேலே ரோட்டிலிருந்து யாரோ கூவினார்கள்: "ஒங்க மகன் வந்துட்டாரு! விட்டுட்டாங்களாம்!"

சுளகைப் போட்டுவிட்டு ஓடினீர்கள். நின்று நின்று ஏறிய அதே படிகளில் ஒரே மூச்சாக ஓடினீர்கள். நான் பின்னால் "ஹெமின்! ஹெமின்!" என்று கத்திக்கொண்டு வந்தேன். பாதி வழியில் உங்கள் மகன் இறங்கி வந்துவிட்டார். அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, "எளச்சுப் போயிட்டியேடா" என்று சிரித்தீர்கள். பிறகு படியில் உட்கார்ந்து அவர் முழங்காலில் தலை சாய்த்தீர்கள்.

களைப்பாறுகிறீர்கள் என்றுதான் நினைத்தோம். அவர் உங்கள் தலையைத் தடவியபடி, எப்படி விட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் மகள் தண்ணீர் கொண்டுவந்தாள். "அம்மா, தண்ணி குடிங்க" என்று அவர் உங்கள் தலையை நிமிர்த்தினார். அதற்குப் பிறகு யார் என்ன செய்தோம் என்று எனக்கு நினைவில்லை.

உங்கள் எட்டாம் நாள் சடங்கு முடிந்ததும் அந்த டாக்டரம்மாவிடம் நான் மட்டும் போனேன். "கவலையில போகல, சந்தோஷத்துல போயிட்டாங்களே, அது எப்படி?" என்று கேட்டேன். "அழுகையா சிரிப்பா என்று இதயத்துக்குத் தெரியாது அம்மே. ஓடச் சொன்னால் ஓடும். அத்தனை நாள் கவலையைச் சுமந்த கையோடு படியும் ஏறி, மகனையும் பார்த்திருக்கிறார். கேட்ட அளவுக்கு இரத்தம் வரவில்லை" என்றார்.

விளங்குகிறது சம்பந்தி. ஆனாலும் இன்றுவரை மனம் ஏற்கவில்லை.

உங்கள் மகனின் மனமும் ஏற்கவில்லை. 'நான் வந்ததாலதான்' என்று ஒருமுறை என் மகளிடம் சொல்லியிருக்கிறார். அதன்பிறகு அதைப் பற்றிப் பேசியதில்லை.

மகளுக்குப் பிரசவமான அன்று வார்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். செய்தியைச் சொல்லக் கதவைத் திறந்தேன். "மொதல்ல ஒக்காருங்க மாப்பிள" என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கே மூச்சு நிதானப்பட்ட பிறகு, "பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் சொகம்" என்று மெல்லச் சொன்னேன்.

அவர் எழுந்து ஓடவில்லை, சம்பந்தி. என் கையை விடாமல், நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.