கையுறைக்குள் கடல் தண்ணீர்

18-12-1974, புதன்

காலையில் எழுந்ததும் அவருடைய ரப்பர் கையுறையைத் திருப்பி உதறினேன். கடல் தண்ணீர் கொட்டியது. கிளிஞ்சல் மறுபடியும் கிழித்திருக்கிறது. கடலில் என் தாலி விழுந்ததிலிருந்து, ரேடியோவைப் பிரித்துத் தானே செய்த, உலோகம் இருந்தால் சத்தம் போடும் கருவியோடு, இந்த மார்கழிக் குளிரில் ஈர மணலைத் தோண்டுகிறார். சர்க்கரை வியாதிக்காரர்; விரல் புண் ஆறவில்லை.

பாண்டி பஜாரில் தடித்த கையுறை வாங்கி வந்தேன். போட்டுப் பார்த்துக் கழற்றிவிட்டார்.

"இதுல மணல் எது, தாலி எதுன்னே தெரியலைடி."

"விரல் போயிடும், சொன்னா கேளுங்கோ!"

"நீ வெறும் மஞ்சள் கயித்தோட நிக்கறதைப் பாத்துண்டு சும்மா இருக்கச் சொல்றியா?"

தூக்கம் வரவில்லை. நாளை ஆசாரியிடம் என் வளையலைக் கொடுத்து, அதே மாதிரி தாலி செய்யச் சொல்வேன். அவர் தோண்டும் இடத்தில் நானே அதைப் புதைக்கப் போகிறேன்.